அலைக்கு அளவுகோல் வைத்த கதை

சுவரோட உயரத்தை அளக்கணும்னா தரையிலிருந்து டேப் பிடிக்கலாம். நடுக்கடல்ல அலையோட உயரத்தை எங்கிருந்து டேப் பிடிப்பது? தரை எங்கோ ஆழத்தில் கிடக்கிறது. அளக்கப்போற மிதவையும் அலையோடு சேர்ந்தே ஏறி இறங்குது. ஜன்னலை எல்லாம் மூடிட்டு, பஸ் எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு உள்ளே இருக்கிறவரைக் கேட்கிற மாதிரிதான் :-)

இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் நடுவில் ஒரு போரும் ஒரு வெள்ளமும் வருகின்றன.

முதலில் போர். 1942 வாக்கில் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்று இரண்டு பேர். கரையில் படை இறங்கப்போகும் நாளில் அலை எப்படி இருக்கும் என்று காற்றை வைத்து முன்கூட்டியே கணிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1944 நார்மண்டி தரையிறக்கத்துக்கும் அது பயன்பட்டது. ஆனா ஒரு சிக்கல். கடல்ல ரெண்டு அலை ஒரே உயரத்தில் வராது. எதை 'இன்றைய அலை' என்று சொல்வது? படகு ஓட்டியவர்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன உயரம், அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரியோடு ஒத்துப்போனது. நூறு அலை வந்தால் உயரமான 33-ஐ மட்டும் எடுத்து சராசரி போடணும், அவ்வளவுதான். இன்றைக்கும் கடல் வானிலை அறிக்கைகளில் வருகிற 'அலை உயரம்' பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

அடுத்து வெள்ளம். 1953 ஜனவரி 31 இரவு, வடகடல் புயல் நெதர்லாந்தின் கரைத்தடுப்புகளை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அந்த நாட்டில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். புதுத் தடுப்புகளை எவ்வளவு உயரத்துக்குக் கட்டுவது? அதற்கு எவ்வளவு அலை வரும் என்று தெரியணும். புயல் ராத்திரியில் யார் போய் எட்டிப் பார்ப்பது? அந்த நாட்டில் 1961-ல் தொடங்கிய டேட்டாவெல் நிறுவனத்தின் 'வேவ்ரைடர்' மிதவை, ஆளில்லாமல் அந்த வேலையைச் செய்தது.

லிஃப்ட் மேலே கிளம்பும்போது உடம்பு கனக்கும், கீழே கிளம்பும்போது லேசாகும் இல்லையா? கண்ணை மூடியிருந்தாலும் தெரியும். மிதவைக்குள் இருக்கும் முடுக்கமானி அதைத்தான் உணர்கிறது. முடுக்கத்தை நேரத்தோடு ஒருமுறை கூட்டிக்கொண்டே போனால் வேகம். இன்னொருமுறை கூட்டினால் உயரம். வெளியே ஒரு அளவுகோலே தேவையில்லை!

ஆனா மிதவை அலைச்சரிவில் சாயுமே, அப்போ மேல் கீழ் எல்லாம் குழம்பிடாதா? அதுக்காக, உள்ளே திரவத்தில் மிதக்கும் ஒரு தட்டின் மேல் முடுக்கமானியை வைத்தார்கள். பந்து எப்படி ஆடினாலும் தட்டு மட்டம் மாறாது. நங்கூரக் கயிற்றில் ஒரு பகுதி ரப்பர். இழுத்தால் நீளும், அதனால் மிதவை தாராளமா ஏறி இறங்கும். இப்போது ஜிபிஎஸ் வைத்து அளக்கும் மிதவைகளும் வந்துவிட்டன. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் புதுச்சேரி உள்பட நம்ம கரையோரங்களிலும் வேவ்ரைடர் போட்டு அளந்து வருகிறது.

எண் கிடைச்சாச்சு, சரி. அதைப் படிக்கத் தெரியணுமே. சராசரி என்பதால், அறிக்கையில் 2 மீட்டர் என்றிருந்தால் நடுவில் 4 மீட்டர் அலையும் வரலாம்.

இன்னொன்று, அலை உள்ளூர்க் காற்றில்தான் பிறக்கணும்னு இல்லை. 1963-ல் மங்க் குழுவினர் நியூஸிலாந்திலிருந்து அலாஸ்கா வரை கருவிகளை வைத்து, அண்டார்டிகா பக்கத்துப் புயலில் எழுந்த அலைகள் பசிபிக் முழுக்கக் கடந்து போவதைப் பின்தொடர்ந்தார்கள். நம்ம பக்கம் கேரளாவிலும் குமரியிலும் 'கள்ளக்கடல்' என்று சொல்வது இதே கதைதான். தெற்கே எங்கோ புயல். இங்கே வெயில், காற்றில்லை. திடீரென்று அலை ஏறி வரும். உயரம் ஒன்றரை மீட்டர்தான் இருக்கும், ஆனா ஒரு அலைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி அதிகம். அந்த நீண்ட அலை கரையில் வெகுதூரம் ஏறி, திரும்பும்போது ஆளையும் இழுத்துப் போகும்.

2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் போனார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வெளியாகியிருந்தது.

1953-ல் எண் இல்லை. 2024-ல் இருந்தது. மிதவையிலிருந்து ஆபீஸ் வரைக்கும் தகவல் நொடியில் வந்துடுது. ஆபீஸிலிருந்து கரையில் கால் நனைக்கிறவன் காது வரைக்கும் வர்றதுதான் இன்னும் பெரிய தூரமா இருக்கு. சிவப்புக்கொடி, மைக், தடுக்க ஒரு ஆள், இதெல்லாம் இருந்தாத்தான் அந்த எண்ணுக்கு மரியாதை.

அதுவரைக்கும் நாமளாவது ஒண்ணு செய்யலாம். கள்ளக்கடல்னு செய்தி வந்தா, கடல் எவ்வளவு சாதுவா இருந்தாலும் அன்னிக்கு மணலோட நின்னுக்குவோம்.