கருமறுவும் தாயின் மீதான பழியும்

2010 ஜனவரி 15 அன்று கங்கண சூரிய கிரகணம் ஒன்று வன்னிப் பெருநிலப்பரப்பைக் கடந்து சென்றது. நெடுங்கேணியின் வானும் அன்று மங்கிற்று. வன்னி மக்களுட் பலர் அவ்வேளை மெனிக் பாம் முகாமின் கூடாரங்களில் இருந்தனர். கர்ப்பிணிகள் அடைத்துக்கொண்டு உள்ளிருக்க அங்கே கதவேது?

கிரகண வேளையில் கர்ப்பிணி தன் உடலைச் சொறிந்தால் பிள்ளையின் மேனியில் அவ்விடத்தே கறை விழும் என்பது நம்மவரின் நெடுங்கால நம்பிக்கை. முதுகை மூடிய பெரிய கருமறுவோடு பிள்ளை பிறந்துவிட்டால், முதற் கேள்வி தாயை நோக்கியே எழுகிறது: “நீ என்ன செய்தாய்?”

இப்பழி நமக்கு மட்டும் உரியதன்று. இலண்டன் மருத்துவர் டானியல் டேர்னர், 1714இல் வெளியான தமது தோல்நோய் நூலில், தாயின் அச்சமும் ஆசையும் கருவிற் பதியும் என வாதிட்டார். 1727இல் ஜேம்ஸ் புளொண்டெல் அதனை மறுத்து நூலொன்று வெளியிட்டார். இருவருக்குமிடையே கடும் நூற்போர் மூண்டது.

மருத்துவம் மெல்ல மெல்லத் தாயை விட்டு நோயைப் பார்க்கக் கற்றது. 1861இல் வியன்னாவின் ரொக்கிடான்ஸ்கி, பெருமறு கொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூளையுறைகளிலும் அதே நிறமி படிந்திருந்ததைப் பதிவு செய்தார். 2013இல் வெளியான இலண்டன் ஆய்வொன்று, இத்தகையோரிற் பெரும்பாலானோரிடம் என்ராஸ் என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டியது. அம்மாற்றம் பெற்றோரிடமிருந்து வருவதன்று. கரு உருவான பின்னர், வளரும் உயிரணு ஒன்றில் தற்செயலாக நேர்வது. கிரகணம் தோன்றினாலும் தோன்றாவிட்டாலும் ஏறத்தாழ 20,000 பிறப்புகளுக்கு ஒன்றென இது காணப்படுகிறது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி வவுனியா மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 1,72,000. இந்த விகிதப்படி பார்த்தால் மாவட்டம் முழுவதிலும் எட்டொன்பது பேரே இருக்கக்கூடும். நெடுங்கேணியில் அப்படியொரு பிள்ளை இருந்தால், தன்னைப்போல் இன்னொருவரைக் காணாமலே அது வளரும். ஊராருக்கும் ஒப்பிட்டறிய வேறொரு பிள்ளை இராது. விளக்கம் பழைய நம்பிக்கையிலிருந்தே வரும்.

அப்பிள்ளைக்குத் தேவை பரிகாரமன்று. தோல் வைத்திய நிபுணரின் தொடர்ந்த கண்காணிப்பும், கடும் வெயிலிலிருந்து பாதுகாப்பும் வேண்டும். மறு புற்றுநோயாக மாறும் வாய்ப்புக் குறைவே. ஆயினும் புதிய கட்டியோ, புண்ணோ, நிறமாற்றமோ தென்பட்டால் தாமதித்தலாகாது. சத்திரசிகிச்சை எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை.

தமிழில் ‘மறு’ என்றால் குற்றம் என்றும் பொருளுண்டு. ஆயினும் திருமாலின் மார்பிலுள்ள அடையாளத்தையும் நம் முன்னோர் ‘திருமறு’ என்றே போற்றினர். இரண்டில் எப்பொருளைப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைக்குக் கொடுப்பது என்பது நம் கையில் இருக்கிறது.