மாலை ஆறு மணிக்குக் கூடிய ஊர்ச்சபை

இங்கிலாந்தின் குடியாட்சி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பாராளுமன்றத்தோடு நின்றுவிடுவர். அந்நாட்டுச் சிற்றூர்களில் ஊராட்சித் தேர்தல் வந்த வரலாறும் நாம் அறியத்தக்கதே.

அங்கே சிற்றூர் ஆட்சிப் பிரிவுக்குப் ‘பாரிஷ்’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் அதன் பொதுக்காரியங்களை ‘வெஸ்ட்ரி’ என்னும் சபை கவனித்து வந்தது. தேவாலயத்தைச் சார்ந்த அச்சபைக்குப் பாதிரியாரே தலைவர். 1818ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே வாக்குகளைச் சொத்தின் மதிப்புக்கேற்பப் பங்கிட்டது. சிறிதளவு சொத்துடையவருக்கு ஒரு வாக்கு. பெருநிலக்கிழாருக்கு ஆறு வாக்குகள் வரை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்னும் நம் முதுமொழி அவ்வூர்களுக்கும் பொருந்தியது.

இந்நிலையில், வார்விக்ஷயர் பகுதியிலுள்ள பார்ஃபோர்டு என்னும் சிற்றூரின் உழைப்பாளி ஜோசப் ஆர்ச், 1872இல் பண்ணைத் தொழிலாளருக்குச் சங்கம் கண்டார். 1884ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்புறக் குடித்தனத் தலைவர்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை அளித்தது. அடுத்த ஆண்டே ஆர்ச் பாராளுமன்றம் புகுந்தார். எனினும் சொந்த ஊரின் சபையில் உழவர்களின் நிலை மாறவில்லை.

அக்குறையைப் போக்க வந்ததே 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். ஹென்றி ஃபௌலர் கொண்டுவந்த அம்மசோதாவில் பிரபுக்கள் சபை பல திருத்தங்களைப் புகுத்தியது. அதனைக் கண்டித்துப் பேசியதே, முதுபெரும் பிரதமர் கிளாட்ஸ்டன் மக்கள் சபையில் ஆற்றிய இறுதிப் பேச்சாகும்.

300 பேரும் அதற்கு மேலும் வாழும் நாட்டுப்புறப் பாரிஷ்கள் ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் வேண்டும் என்றது அச்சட்டம். பெண்கள், மணமானவரும்கூட, உறுப்பினராகத் தடையில்லை என்றது. உழைப்பாளர் பயிரிடுவதற்குச் சிறு நிலத்துண்டுகளைப் பெற்றளிக்கும் அதிகாரத்தையும் மன்றத்துக்குத் தந்தது.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது அச்சட்டத்தில் காணும் ஒரு சிறு விதி. ஊர்க்கூட்டம் மாலை ஆறு மணிக்கு முன் தொடங்கலாகாது என்பதே அது! பகலில் கூட்டம் நடந்தால் கூலியாள் அன்றைய கூலியை இழந்தல்லவா வரவேண்டும்? வேறு தக்க இடம் இருக்கையில் மதுக்கடையில் கூட்டம் கூடலாகாது என்றும் விதித்தனர்.

1894 டிசம்பரில் முதற் கூட்டங்கள் கூடின. கை உயர்த்தியே வாக்களிக்க வேண்டும். கூலி தரும் பண்ணையாரும் எதிரே அமர்ந்திருப்பார். அவர் காண ஏழை எவ்வாறு துணிந்து கையை உயர்த்துவான்? ஆகவே, வாக்குச்சீட்டு முறையில் வாக்கெடுப்பைக் கோரும் உரிமையையும் சட்டம் வழங்கியிருந்தது.

அச்சட்டம் அமைத்த நாட்டுப்புற மாவட்ட மன்றங்கள் 1974இல் மறைந்தன. பாரிஷ் மன்றங்களோ இன்றும் நிலைத்துள்ளன.

திருமறையின் 42ஆம் அத்தியாயம் கலந்தாலோசனையின் பெயரால் ‘அஷ்ஷூரா’ என வழங்குவதை நாம் அறிவோம். ஆலோசனைக்கு அழைப்பவர், அழைக்கப்படும் ஏழை வந்து அமரும் வேளையையும் அஞ்சாமல் கருத்துரைக்கும் வழியையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணாத அழைப்பு, ஏழையைப் பொறுத்தமட்டில், அழையாமைக்கே ஒப்பாகும்.