செவ்வாய்வாசிகள் வந்துட்டாங்க! நாவலில் யாரும் நம்பாத செய்தி, ரேடியோவில் நம்பப்பட்டது எப்படி?

செவ்வாய் கிரகத்தில் இருந்து வந்தவர்கள் பூமியைத் தாக்குகிறார்கள். 1898-ல் இது புத்தகமாக வந்தபோது வாசகர்கள் ரசித்துப் படித்தார்கள். 40 ஆண்டுகள் கழித்து இதே கதை ரேடியோவில் வந்தபோது, கேட்டவர்களில் சிலர் போலீசுக்கு போன் போட்டார்கள். கதை ஒன்றுதான். அப்படி என்னதான் மாறியது?

நாவல் என்ன சொல்கிறது?

இங்கிலாந்து எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் எழுதிய 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1897-ல் பத்திரிகைத் தொடராக வந்து, அடுத்த ஆண்டு புத்தகமானது. லண்டனுக்கு அருகே வோக்கிங் பகுதியில் ஒரு பெரிய உருளை வந்து விழுகிறது. அதற்குள் இருந்து செவ்வாய்வாசிகள் வெளியே வருகிறார்கள். வெப்பக்கதிர், விஷப்புகை, மூன்று கால் ராட்சத இயந்திரங்கள் என எல்லாவற்றையும் இறக்குகிறார்கள். ராணுவத்தால் சமாளிக்க முடியவில்லை. கடைசியில் அவர்களை வீழ்த்துவது பீரங்கி அல்ல, கண்ணுக்கே தெரியாத கிருமிகள்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், கதை சொல்பவர் எல்லாம் முடிந்து 6 ஆண்டுகள் கழித்துதான் இதைச் சொல்கிறார். அதாவது அவர் பிழைத்துவிட்டார், உலகமும் பிழைத்துவிட்டது என்பது வாசகருக்கு முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும்.

ரேடியோவில் என்ன செய்தார்கள்?

1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு 8 மணி. அமெரிக்காவின் சிபிஎஸ் ரேடியோவில் 'மெர்குரி தியேட்டர்' நாடகக் குழுவின் நிகழ்ச்சி. இயக்கி நடித்தவர் ஆர்சன் வெல்ஸ், அப்போது வயது வெறும் 23. எழுத்தாளர் வெல்ஸுக்கும் இவருக்கும் எந்த உறவும் இல்லை. தமிழில் எழுதினால் பெயர் ஒரே மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஸ்கிரிப்ட் எழுதிய ஹோவர்ட் கோச் செய்த முக்கிய மாற்றங்கள் இவை:

• இடம்: இங்கிலாந்தின் வோக்கிங், அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள குரோவர்ஸ் மில் ஆனது. கேட்பவர்களுக்குத் தெரிந்த ஊர்ப்பக்கம்.

• காலம்: 'நடந்து முடிந்தது' என்பது 'இப்போ நடக்குது' என்றானது.

• சொல்பவர்: ஒரே ஒரு கதைசொல்லிக்குப் பதில் செய்தி அறிவிப்பாளர், நிருபர், பேராசிரியர், ராணுவ அதிகாரி எனப் பல குரல்கள்.

• நீக்கப்பட்டவை: கதைசொல்லியோடு மாட்டிக்கொள்ளும் பாதிரியார், லண்டனில் இருந்து தப்பி ஓடும் தம்பி, செவ்வாய்வாசிகளோடு மோதும் போர்க்கப்பல். ஒரு மணி நேரத்தில் இவற்றுக்கு இடமில்லை.

நிகழ்ச்சி நடன இசையோடு போய்க்கொண்டிருக்கும். திடீரென இசை நிற்கும். 'செவ்வாயில் வெடிப்பு' என்று ஒரு அறிவிப்பு. மறுபடி இசை. மறுபடி அறிவிப்பு. நேரலையில் பேசிக்கொண்டே இருக்கும் நிருபரின் குரல் சட்டென்று அறுந்து, சில நொடிகள் முழு அமைதி. நிருபராக நடித்தவர், முந்தைய ஆண்டு ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பல் எரிந்து விழுந்தபோது பதிவான உண்மையான நிருபரின் வர்ணனையைக் கேட்டுப் பயிற்சி எடுத்தவர். அந்தப் பதற்றம் அப்படியே குரலில் இருந்தது.

சுமார் 40 நிமிடத்துக்குப் பிறகு செய்தி பாணி முடிந்து, பேராசிரியர் தனியாகப் பேசும் வழக்கமான நாடகமாக அது மாறிவிடுகிறது. முடிவு நாவலில் இருப்பதேதான்: கிருமிகள்.

ஏன் நம்பினார்கள்?

இது நாடகம் என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். ஆனா, தாமதமாக ரேடியோவைத் திருப்பியவர்களுக்கு அது தெரியாது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் ஜெர்மனி-செக்கோஸ்லோவாக்கியா நெருக்கடியால் ஐரோப்பாவில் போர் மூளும் நிலை இருந்தது. ரேடியோவில் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு செய்தி சொல்வது அப்போது மக்களுக்குப் பழகிப்போயிருந்தது. அதனால் சிலர் இதை ஜெர்மனியின் தாக்குதல் என்றே நினைத்துக்கொண்டார்கள்.

நாவலிலும் ஒரு செய்தி இருக்கு!

இந்த ஒப்பீட்டில் பலர் கவனிக்காத இடம் இது. நாவலில் உருளையை நேரில் பார்க்கும் ஒரு பத்திரிகையாளர் லண்டனுக்குத் தந்தி அடிக்கிறார். வதந்தி என்று சந்தேகப்படும் பத்திரிகை, உறுதிசெய்யச் சொல்லி அவருக்கே பதில் தந்தி அனுப்புகிறது. பதில் வரவில்லை, ஏன்னா அவர் அதற்குள் கொல்லப்பட்டுவிட்டார். செய்தி அச்சாகவே இல்லை. லண்டன் நிம்மதியாகத் தூங்குகிறது.

நாவலில் உண்மைச் செய்தியை யாரும் நம்பவில்லை. ரேடியோவில் கற்பனைச் செய்தியைச் சிலர் நம்பினார்கள்.

அமெரிக்காவே தெருவுக்கு ஓடியதா?

மறுநாள் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. ஆனா, அன்றிரவு சுமார் 5,000 வீடுகளில் நடந்த தொலைபேசிக் கணக்கெடுப்பில், இந்த நிகழ்ச்சியைக் கேட்டதாகச் சொன்னவர்கள் சுமார் 2 சதவீதம்தான். அதே நேரத்தில் வேறு ஸ்டேஷனில் வந்த காமெடி நிகழ்ச்சிக்குத்தான் கூட்டம் அதிகம்.

1940-ல் ஆய்வாளர் ஹாட்லி கான்ட்ரில், சுமார் 60 லட்சம் பேர் கேட்டதாகவும் அதில் சுமார் 12 லட்சம் பேர் பயந்ததாகவும் மதிப்பிட்டார். ஆனால் அவர் குழு விரிவாகப் பேட்டி எடுத்தது 135 பேரை மட்டும். அதிலும் பெரும்பாலானோர் 'பயந்தவர்கள்' என்பதாலேயே தேர்வு செய்யப்பட்டவர்கள். பயம் உண்மை, ஆனால் நாடு தழுவிய பீதி என்பது பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கியது என்கிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். விளம்பர வருமானத்தில் பத்திரிகைகளுக்கு ரேடியோ அப்போது கடும் போட்டி என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

அதற்காக இதை விளையாட்டு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1949-ல் ஈக்வடார் தலைநகர் கீட்டோவில் இதே கதையை ரேடியோவில் போட்டார்கள். நாடகம் என்று தெரிந்ததும் ஆத்திரமடைந்த கூட்டம் நிலையக் கட்டடத்துக்குத் தீ வைத்தது. குறைந்தது 6 பேர் இறந்தனர்.

தப்பித்தவர்கள் என்ன செய்தார்கள்?

கான்ட்ரிலின் ஆய்வில் அதற்கும் பதில் இருக்கு. சிலர் வேறு ஸ்டேஷனைத் திருப்பிப் பார்த்தார்கள், அங்கே வழக்கமான நிகழ்ச்சி ஓடியது. சிலர் பத்திரிகையில் ரேடியோ நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தார்கள். விஷயம் முடிந்தது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தவர்களும் உண்டு. தெருவில் நிறைய கார்களைப் பார்த்தவர், மக்கள் தப்பி ஓடுகிறார்கள் என்று நினைத்தார். ஒரு காரையும் பார்க்காதவர், வழியெல்லாம் அழிந்துவிட்டது என்று நினைத்தார். முதலிலேயே நம்பிவிட்டவர்களுக்கு எதைப் பார்த்தாலும் அது ஆதாரமாகவே தெரிந்தது.