லாப்ரடோர் ஆற்றுவழிப் பயணங்கள் (1903, 1905)

கனடாவின் வடகிழக்கில் உள்ள லாப்ரடோர் தீபகற்பத்தின் உட்பகுதி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட வெளியார் வரைந்த நிலப்படங்களில் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. இன்னு பழங்குடி மக்களுக்கோ அது தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த சொந்த மண். சாலையற்ற அந்நிலத்தில் ஆறுகளும் ஏரிகளுமே வழி. கனூ எனப்படும் இலேசான துடுப்புப் படகே ஊர்தி. அருவி குறுக்கிட்டால் படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து கரைவழியே கடக்க வேண்டும். சுமை கூடினால் பயணம் தாமதமாகும், குறைந்தால் பட்டினி. இந்தக் கணக்கு எவ்வளவு கடினமானது என்பதை 1903, 1905 ஆகிய ஆண்டுகளில் நடந்த பயணங்கள் காட்டுகின்றன.

முதல் பயணத்தின் திட்டம்

நியூயார்க்கில் வெளிவந்த 'அவுட்டிங்' இதழில் பணியாற்றியவர் லியோனிடாஸ் ஹப்பார்ட். நாஸ்காபி ஆற்றில் எதிரேறி மிச்சிக்காமாவ் ஏரியை அடைவது, அங்கிருந்து நீர்ப்பிரி மேட்டைக் கடந்து ஜார்ஜ் ஆற்றின் வழியே வடக்கே அங்காவா விரிகுடாவுக்கு இறங்குவது, வழியில் இன்னு மக்களின் கரிபூ மான் வேட்டையைக் காண்பது என்பது அவருடைய திட்டம். நண்பரும் வழக்கறிஞருமான டில்லன் வாலஸ், ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் எல்சன் ஆகிய இருவர் உடன் சென்றனர். எல்சனின் தந்தை ஸ்காட்லாந்துக்காரர். தாய் கிரீ இனத்தவர். படகோட்டுவதில் தேர்ந்தவரானாலும் லாப்ரடோர் அவருக்கும் புதிய நிலமே.

மூவரும் 1903 ஜூலை 15 அன்று, நார்த் வெஸ்ட் ரிவர் என்ற இடத்தில் இருந்த ஹட்சன் விரிகுடாக் கம்பெனி வணிக நிலையத்திலிருந்து ஒரே படகில் புறப்பட்டனர். வடக்கின் குறுகிய கோடையில் பாதி அதற்குள் கழிந்திருந்தது. வேட்டையையும் மீனையும் நம்பி உணவைக் குறைவாகவே எடுத்துச் சென்றனர். ஆனால் பறவைகளைச் சுட ரவைத் துப்பாக்கி இல்லை; கிடைத்த செவுள்வலையும் பழையது, விரைவிலேயே இற்றுப்போனது.

பெரும்பிழை வழியில் நேர்ந்தது. அவர்களிடம் இருந்த நிலப்படம் கிராண்ட் ஏரியில் ஒரே ஓர் ஆறு விழுவதாகக் காட்டியது. உண்மையில் அங்குப் பல ஆறுகள் கலக்கின்றன. நாஸ்காபியின் முகத்துவாரத்தைக் கவனியாமல் கடந்து சென்ற மூவரும், சூசன் என்ற சிற்றாற்றில் ஏறினர். பாறையும் ஆழமற்ற நீரும் நிறைந்த அதில் படகில் சென்றதைவிடச் சுமந்து நடந்ததே அதிகம். செப்டம்பரில் ஒரு மலையுச்சியிலிருந்து மிச்சிக்காமாவ் ஏரி தொலைவில் தெரிந்தது. ஆனால் பெருங்காற்று ஏரி நீரில் படகு விட இடந்தரவில்லை. உணவும் தீர்ந்துவர, செப்டம்பர் 15 அன்று திரும்ப முடிவு செய்தனர்.

நடக்க முடியாமல் தளர்ந்த ஹப்பார்டைக் கூடாரத்தில் விட்டு மற்ற இருவரும் உதவி தேடிச் சென்றனர். அவருடைய நாட்குறிப்பு அக்டோபர் 18 அன்று முடிகிறது. எல்சன் பனியில் நடந்து கிராண்ட் ஏரிக்கரையில் பொறிவைத்து வேட்டையாடுவோரை அடைந்தார். அவர்கள் விரைந்து சென்று வாலஸை உயிரோடு மீட்டனர், ஹப்பார்ட் இறந்துகிடந்தார்.

மினா ஹப்பார்டின் பயணம்

வாலஸ் இப்பயணத்தைப் பற்றி எழுதிய நூல் 1905இல் வெளிவந்தது. அது தம் கணவரைக் குறைவுபடக் காட்டுவதாகக் கருதினார் ஹப்பார்டின் மனைவி மினா. கனடாவில் பிறந்து செவிலியராகப் பணியாற்றிய அவர், கணவர் விட்ட வேலையைத் தாமே முடிப்பது என்று துணிந்தார்.

இம்முறையும் எல்சனே வழிநடத்தினார். ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியினரான ஜோப் சாப்பீஸ், ஜோசப் இசர்ஹாஃப் ஆகியோரோடு உள்ளூர் இளைஞர் கில்பர்ட் பிளேக்கும் சேர்ந்தார். 1903இல் வாலஸை மீட்டவர்களுள் பிளேக்கும் ஒருவர். நாஸ்காபி ஆற்றின் கீழ்ப்பகுதி அவருக்கு வேட்டைக்காகப் பழகிய வழி. ஐவருக்கும் இரண்டு படகுகள். உணவில் மாவு மட்டும் 392 பவுண்டு, பன்றி இறைச்சி 200 பவுண்டு.

1905 ஜூன் 27 அன்று, முந்தைய பயணத்தைவிட 18 நாள் முன்னதாகவே புறப்பட்டனர். கம்பெனியின் 'பெலிக்கன்' கப்பல் ஆகஸ்ட் இறுதியில் ஜார்ஜ் ஆற்று நிலையத்துக்கு வரும் என்பதே அவர்களுடைய கெடு. கப்பலைத் தவறவிட்டால் குளிர்காலம் முழுவதும் வடக்கில் சிக்க நேரிடும். வழியில் சந்தித்த இன்னு பெண்கள், நிலையத்தை அடைய இரண்டு மாதம் ஆகும் என்றபோது குழுவினர் கலங்கினர். சில நாள் கழித்துச் சந்தித்த மற்றொரு முகாமினர், விரைந்து சென்றால் ஐந்து இரவுகள் போதும் என்றனர்.

ஆகஸ்ட் 27 அன்று நிலையத்தை அடைந்தனர். மொத்தம் 61 நாள். உண்மையில் பயணம் செய்தவை 43 நாள். தொலைவு 576 மைல். கப்பலோ தாமதமாகி அக்டோபரில்தான் வந்தது. அதே நாளில் தனிக்குழுவாகப் புறப்பட்ட வாலஸ், ஆற்றை விட்டுப் பழைய இன்னு தடமொன்றைப் பின்பற்றி, அதைத் தவறவிட்டு அலைந்து, அக்டோபர் 16 அன்றே அங்கு வந்து சேர்ந்தார்.

முக்கியத்துவம்

நாஸ்காபி, ஜார்ஜ் ஆகிய ஆறுகளின் போக்கை மினா நிலப்படமாக்கினார். கரிபூ மான்களின் பெருங்கூட்டத்தையும் இன்னு மக்களையும் கண்டு எழுதிய அவரது நூல் 1908இல் வெளிவந்தது. 'யாரும் அறியாத' லாப்ரடோர் என்று அதன் தலைப்பு கூறினாலும், அவர் பயணத்தின் வெற்றி அந்நிலத்தையும் ஆற்றையும் அறிந்தவர்களைச் சார்ந்தே இருந்தது. ஹப்பார்டுக்கு மன உறுதி குறையவில்லை. முன்கூட்டிய புறப்பாடு, போதிய உணவு, ஆற்றின் முகத்துவாரத்தை அடையாளம் காட்டக்கூடிய ஓர் உள்ளூர்க்காரர் ஆகிய மூன்றும்தான் அவருக்கு வாய்க்கவில்லை.

1970களில் சர்ச்சில் அருவி மின்திட்டத்துக்காக நாஸ்காபியின் மேல்நீர் திருப்பப்பட்டது. மிச்சிக்காமாவ் ஏரி இன்று ஸ்மால்வுட் நீர்த்தேக்கத்துள் அடங்கிவிட்டதால், மினா கடந்த வழியின் ஒரு பகுதி இப்போது நீருக்கடியில் உள்ளது.