எழுத்தின் வயதும் மொழியின் வயதும்: லாத்வியமும் பர்மியமும்

பர்மிய மொழியின் தொன்மைக்குச் சான்றாகக் காட்டப்படும் மியாசேதி கல்வெட்டு 1113ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்டது. லாத்விய மொழியில் அச்சாகி இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய நூல் 1585இல் வில்னியசில் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள். இதைக் கொண்டு பர்மியம் மூத்தது, லாத்வியம் இளையது எனக் கூறிவிடலாமா? கூற இயலாது என்பதற்கு இவ்விரு மொழிகளின் வரலாறே விடையளிக்கிறது.

இவற்றிடையே உறவு ஏதுமில்லை. லாத்வியம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. அக்கிளையில் இன்றும் பரவலாக வழங்குவன அதுவும் லிதுவேனியமும் மட்டுமே. பர்மியம் சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சேர்ந்தது. உறவற்ற மொழிகளை ஒப்பிடுவதில் ஒரு நன்மை உண்டு. ஒத்த கூறு தென்படும்போது அதைப் பொது மூதாதையின் கணக்கில் எழுதிவிட முடியாது. வேறு காரணம் தேடியாக வேண்டும்.

லாத்வியத்தில் ஓநாய் 'வில்க்ஸ்', வடமொழியில் 'வ்ருக'. ஆண் 'வீர்ஸ்', வடமொழியில் 'வீர'. கடவுள் 'தியவ்ஸ்', வடமொழியில் 'தேவ'. வில்க்ஸ், வில்கா, வில்கம், வில்கு எனப் பெயர்ச்சொல் வேற்றுமைதோறும் ஈறு மாறுகிறது. மரபிலக்கணம் ஏழு வேற்றுமைகளைக் கணக்கிடுகிறது. எழுத்துக்கு வெகு பின்னர் வந்த இம்மொழி, சொல்லிலும் ஈற்றிலும் பல்லாயிரம் ஆண்டுப் பழமையைச் சுமந்து வந்துள்ளது. அப்பழமையைக் காத்தது ஏடன்று, நாவே. கிரிஷ்யானிஸ் பரோன்ஸ் தொகுத்து 1894 முதல் 1915 வரை வெளிவந்த நாட்டுப்பாடல் தொகுதிகளில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட 'தைனா' பாடல்கள் இடம்பெற்றன.

எழுத்து அம்மொழிக்கு வெளியார் கையால் வந்தது. ஜெர்மானியப் போதகர்கள் தம் மொழியின் எழுத்துமுறையிலேயே லாத்வியத்தை எழுதினர். எர்ன்ஸ்ட் க்ளுக் மொழிபெயர்த்த விவிலியத்தின் புதிய ஏற்பாடு 1685இலும் பழைய ஏற்பாடு 1689இலும் அச்சாயின. கார்லிஸ் மீலன்பாக்ஸ், யானிஸ் எந்த்ஸெலீன்ஸ் ஆகிய மொழியறிஞர்கள் பங்கேற்ற 1908ஆம் ஆண்டுக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகே ஒலியை ஒட்டி எழுதும் முறை உருப்பெற்றது. இன்றைய லாத்விய எழுத்து, பேச்சைக் கிட்டத்தட்ட அப்படியே காட்டுவது இதனால்தான்.

பர்மியத்தின் நிலை நேர்மாறானது. தென்னிந்தியப் பிராமி மரபிலிருந்து பிறந்த அதன் எழுத்துகள் பழைய உச்சரிப்பையே எழுதிக்கொண்டிருக்க, பேச்சு வெகுதூரம் வந்துவிட்டது. பன்றியைக் குறிக்கும் சொல் 'வக்' என எழுதப்படுகிறது. பேச்சில் 'வெ' எனத் தொடங்கித் தொண்டை சட்டென அடைபட்டு முடிகிறது. அதன் திபெத்திய இனச்சொல் 'பக்'. ஆகவே எழுத்திலுள்ள ககரம் வெறும் அணியன்று, மறைந்த ஒலியின் தடம். பாலியின் 'சாசனா' எழுத்தில் அவ்வாறே நிற்க, வாயில் 'தாதனா' ஆகிறது. தலைநகராயிருந்த ஊரின் பெயரை ரகரத்தில் தொடங்கி எழுதி யகரத்தில் தொடங்கி ஒலிக்கின்றனர். ரங்கூன், யாங்கோன் என்னும் இரு வடிவங்களும் இதன் விளைவே.

தொடரமைப்பில் பர்மியம் தமிழ் மாணவருக்கு எளிது. 'ங்கா தமின் சா தே' என்பதில் நான், சோறு, உண் என்னும் சொற்கள் தமிழ் வரிசையிலேயே நிற்கின்றன. ஆனால் வினை, இடமும் பாலும் காட்டாது. லாத்விய வினையோ தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாட்டை ஈற்றில் காட்டும்.

எதிர்பாராத ஒப்புமையொன்று ஒலியில் உண்டு. பர்மியத்தின் நான்கு தொனிகளுள் ஒன்று குரல் இறுகி நடுங்கி ஒலிப்பது. லாத்வியத்தின் மூன்று தொனிகளுள் ஒன்று 'முறிந்த தொனி'. அதிலும் குரல்வளை இடையில் இறுகுகிறது. தொனி கீழைமொழிகளுக்கே உரியது என்ற எண்ணம் பால்டிக் கரையில் பொய்த்துப்போகிறது.

இன்னொரு ஒப்புமை வரலாற்றில் உள்ளது. இரு மொழிகளும் அயலாட்சிக் காலத்தில் அதிகார இடங்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டு, பின்னர் தேசிய இயக்கங்களின் அடையாளங்களாகி, இறுதியில் அரசுமொழிகளாயின. ஆனால் இரண்டின் அடியிலும் வேறொரு மொழி புதைந்துள்ளது. லாத்வியச் சொல்லின் முதலசை அழுத்தம், பின்னிய இனத்தைச் சேர்ந்த லிவோனிய மொழியின் தாக்கத்தால் வந்ததெனப் பலர் கருதுவர். சிறுவனைக் குறிக்கும் 'புய்கா' பின்னிய மொழிகளிடம் பெற்ற கடன். லிவோனியத்தைத் தாய்மொழியாகக் கொண்ட கடைசி மூதாட்டி 2013இல் கனடாவில் காலமானார்.

மியாசேதித் தூணின் நான்கு முகங்களில் ஒரே செய்தி பாலி, பியூ, மோன், பர்மியம் ஆகிய நான்கு மொழிகளில் உள்ளது. பர்மியரின் வருகைக்கு முன்பே ஐராவதிப் பள்ளத்தாக்கில் நகரங்கள் கண்டவர்கள் பியூ மக்கள். அவர்தம் மொழி வழக்கொழிந்தது. 1911இல் சார்லஸ் ஓட்டோ பிளாக்டன் அதைப் படித்தறிய அத்தூணின் பிற மூன்று முகங்களே துணையாயின. பர்மியத்தின் தொன்மைச் சான்றாகப் போற்றப்படும் கல்லே அந்நிலத்தின் பன்மொழி வாழ்வுக்கும் சான்று. அதே பகானில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வணிகர் கல்வெட்டொன்று தமிழிலும் பேசுகிறது.

எனவே 'எது மூத்த மொழி' என்பது பயன் தரும் வினாவன்று. வழங்கும் எந்த மொழிக்கும் பிறந்தநாள் குறிக்க முடியாது. எழுதப்பட்ட நாளை மட்டுமே குறிக்கலாம். எழுதப்படுவதோ மடம், அரசவை, அச்சகம் ஆகியவற்றின் வரலாறு. ஒரு மொழி எதைக் காத்தது, யாரிடம் பெற்றது, எதன்மேல் வளர்ந்தது எனக் கேட்பதே தக்கது. லாத்வியாவின் 1999ஆம் ஆண்டு மொழிச்சட்டம் லிவோனியத்தை அயல்மொழி எனக் கருதாமல் மண்ணின் மொழியாக ஏற்றது. பேசுவோர் அருகிய பின் வந்த ஏற்பு அது. மோன், ஷான், கரேன் போன்ற மொழிகள் இன்றும் உயிருடன் வழங்கும் பர்மாவில் அத்தகைய ஏற்புக்குக் காலம் இன்னும் இருக்கிறது.