விளக்கம் கேட்காத தண்டனை

அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு கடைநிலை ஊழியர் பத்து நாள் சொல்லாமல் கொள்ளாமல் வராவிட்டாலும், எடுத்த எடுப்பில் அவரைத் தண்டித்துவிட முடியாது. முதலில் ஒரு மெமோ. 'ஏன் இப்படிச் செய்தீர், விளக்கம் தருக' என்று கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். அந்த மாதிரி மெமோக்களை நூற்றுக்கணக்கில் தட்டச்சு செய்திருக்கிறேன். ஆனால் என் சொந்தத் தம்பியை விளக்கம் கேட்காமல் தண்டித்திருக்கிறேன். அந்தக் கதையையும், அதே தவறைச் செய்து பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொண்ட ஒரு துறையின் கதையையும் இன்று எழுதுகிறேன்.

தம்பிக்குப் பேச்சு வரவில்லை. இன்றைக்கு ஆட்டிசம் என்பார்கள். 1960களில் புதுச்சேரியில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'புத்தி வளராத பிள்ளை'. மாலையில் பள்ளி விட்டு வந்ததும் சிலேட்டும் பலப்பமுமாக அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது என் வேலை. சிலேட்டை எடுத்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். அப்பா பிரம்பை எடுப்பார். நானும் குட்டியிருக்கிறேன். அம்மா ஓடி வந்து, சிலேட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவனைத் திண்ணைக்கு அழைத்துப் போவாள். "நீ கொடுக்கிற செல்லத்தால்தான் அவன் இப்படி முட்டிக்கொள்கிறான்" என்று அப்பா அவளைத் திட்டுவார். அம்மா பதில் சொன்னதில்லை.

பிரெஞ்சு மீடியத்தில் படித்ததில் எனக்கு ஒரு லாபம். ழான் இத்தார் என்ற பாரிஸ் மருத்துவர் எழுதிய இரண்டு அறிக்கைகளை மூலத்திலேயே படிக்க முடிந்தது. 1800ல் அவெய்ரோன் பகுதிக் காட்டிலிருந்து வெளியே வந்த, பேச்சறியாத ஒரு சிறுவனுக்கு விக்தோர் என்று பெயர் வைத்து வளர்த்தவர் அவர். எழுத்துப் பாடம் கடினமாகக் கடினமாக, பையன் அட்டைகளை வீசியெறிந்து ஆவேசப்பட்டான். அவனுக்கு உயரம் என்றால் பயம் என்பது இத்தாருக்குத் தெரியும். ஒருநாள் அவனைத் தூக்கி மாடி ஜன்னலுக்கு வெளியே, தலை கீழே பார்க்கும்படி பிடித்தார். பையன் வெளிறிப்போனான். உள்ளே வந்து அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினான். பிறகு படுக்கையில் விழுந்து அழுதான். அவன் அழுது அன்றுதான் முதன்முதலாகப் பார்த்ததாக இத்தார் எழுதுகிறார்.

இரண்டாவது அறிக்கை 1806ல். பையனுக்கு நியாய உணர்வு உண்டா என்று சோதிக்க, பாடத்தை ஒழுங்காகச் செய்த நேரத்திலேயே வேண்டுமென்று அவனைத் தண்டனை அறைக்கு இழுத்துப் போனார். விக்தோர் அவர் கையைக் கடித்தான். இத்தாருக்கு ஒரே சந்தோஷம். 'இது அநியாயம்' என்று அந்தக் கடி சொல்கிறது என அவர் புரிந்துகொண்டார். ஜன்னலுக்கு வெளியே பிடித்த அன்று, அட்டை வீசியதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

இனி அமெரிக்கா. மனிதர்களின் நடத்தையை அதன் விளைவுகளைக் கொண்டு மாற்றலாம் என்று பி.எஃப். ஸ்கின்னர் வழி வந்தவர்கள் நம்பினார்கள். ஸ்கின்னருக்குத் தண்டனையில் நம்பிக்கை இல்லை, அது நடத்தையை அமுக்கி வைக்கும், அவ்வளவுதான் என்றார். ஆனால் தம்மையே அடித்துக் காயப்படுத்திக்கொள்ளும் குழந்தைகள் விஷயத்தில் சீடர்கள் பலர் தண்டனை வழியில்தான் போனார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஐவார் லோவாஸ் ஆட்டிசக் குழந்தைகளை அறைந்ததையும், மின் அதிர்ச்சி தந்ததையும் 1965ல் 'லைஃப்' பத்திரிகை படங்களோடு வெளியிட்டது. அதிர்ச்சி தந்ததும் குழந்தை அடித்துக்கொள்வதை நிறுத்தியது உண்மை. ஆனால் 1969ல் லோவாஸே எழுதினார்: அதிர்ச்சி தந்த அறையில், தந்த ஆளின் முன்னால்தான் பலன். வேறு அறை, வேறு ஆள் என்றால் பழைய கதைதான். அதே கட்டுரையில், அடித்துக்கொள்ளும் நேரத்தில் பரிவு காட்டினால் அது கூடுகிறது என்றும் எழுதியிருந்தார். ஏறக்குறைய எங்கள் அப்பாவின் கட்சி.

ஆனால் எல்லாக் குழந்தைக்கும் அதுவேதானா காரணம்? 1977ல் எட்வர்ட் கார் என்பவர் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசி, காரணம் பல இருக்கலாம் என்றார். பிறர் கவனத்தைப் பெற ஒரு குழந்தை அடித்துக்கொள்ளும். பிடிக்காத வேலையிலிருந்து தப்பிக்க இன்னொன்று. அந்த உணர்வுக்காகவே மற்றொன்று. சிலருக்கு உடம்பிலேயே ஏதாவது கோளாறு இருக்கலாம்.

அதைச் சோதித்துப் பார்த்தவர் பிரையன் ஐவாட்டா. பால்டிமோரில் அவரும் சகாக்களும் 1982ல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது பேர். ஒவ்வொருவரையும் நான்கு விதமான சூழலில் பதினைந்து பதினைந்து நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். முதல் சூழலில், பெரியவர் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருப்பார், குழந்தை அடித்துக்கொண்டால் மட்டும் 'வேண்டாம் கண்ணு' என்பதுபோல் ஏதாவது சொல்லித் தொடுவார். இரண்டாவதில் பாடம் நடக்கும், அடித்துக்கொண்டால் பாடம் சற்று நிற்கும். மூன்றாவதில் விளையாட்டும் பேச்சும் தாராளமாக இருக்கும், வேலை எதுவும் கிடையாது. நான்காவதில் குழந்தை தனியாக இருக்கும். மருத்துவர் பரிசோதித்த பிறகுதான் இதெல்லாம். காயம் அளவு மீறினால் நிறுத்திவிடவும் விதி வைத்திருந்தார்கள்.

ஒன்பதில் ஆறு பேருக்கு ஏதோ ஒரு சூழலில் மட்டும் அடி தொடர்ந்து அதிகமாக இருந்தது. ஆளுக்கு ஆள் அந்தச் சூழல் வேறு. நான் மெமோ என்று சொன்னேனே, அது இதுதான். பேச முடியாத பிள்ளையிடம் 'விளக்கம் தருக' என்று கேட்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1994ல் ஐவாட்டா குழுவினர் பதினோரு வருடத்தில் பார்த்த 152 பேரின் கணக்கை வெளியிட்டார்கள். வேலையிலிருந்து தப்பிக்க அடித்துக்கொண்டவர்கள் சுமார் 38 சதவீதம். கவனத்துக்கும் மற்றப் பலன்களுக்கும் சுமார் 26. உணர்வுக்காக ஏறக்குறைய அதே அளவு.

காரணம் தெரிந்தால் மருந்தும் மாறும். பாடத்துக்குப் பயந்து அடித்துக்கொள்ளும் குழந்தையை மூலையில் நிறுத்தினால், அது கேட்டதையே கொடுத்ததாகிவிடும். இதை என் பள்ளியிலேயே பார்த்தேன். என் வகுப்பில் ஒருவன் திக்தே என்றால் நடுங்குவான். எழுதும் நேரம் பார்த்து ஏதாவது சேஷ்டை செய்வான். வாத்தியார் வெளியே நிற்க வைப்பார். அவன் நிம்மதியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

1985ல் காரும் மார்க் டியூராண்டும் நான்கு குழந்தைகளுக்குச் சொற்களைக் கற்றுக் கொடுத்தார்கள். பாடம் கடினமாகும்போது தொல்லை செய்தவர்களுக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக் கற்றுக் கொடுத்தார்கள். அப்படிச் சொன்னால் உதவி வந்தது. கவனம் வேண்டியவர்களுக்கு 'நான் நன்றாகச் செய்கிறேனா?' என்ற கேள்வி. காரணத்துக்குப் பொருந்திய சொல்லைக் கற்றபோது தொல்லை குறைந்தது. பொருந்தாத சொல்லால் பயனில்லை.

இத்தோடு தண்டனை ஒழிந்துவிடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையத்தில், உடம்பில் கட்டிய கருவியால் மின் அதிர்ச்சி தருவது இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 2020ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கருவியைத் தடை செய்தது. 2021ல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. 2022 கடைசியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதிகாரம் கொடுத்தது. 2024ல் மறுபடி தடைக்கு முன்மொழிந்தார்கள். வேறெதற்கும் கட்டுப்படாத பிள்ளைகளுக்கு இதுதான் கதி என்று வாதாடிய பெற்றோரும் உண்டு. தினம் தினம் முகத்தில் ரத்தத்தோடு பிள்ளையைப் பார்ப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் என் மருமகள். சிறப்புப் பள்ளி ஆசிரியை. ஒருநாள் தம்பியைப் பற்றிச் சொன்னபோது இரண்டே கேள்வி கேட்டாள். "முட்டிக்கறதுக்கு முன்னாடி என்ன நடக்கும் மாமா? முட்டிக்கிட்ட பிறகு நீங்கள்லாம் என்ன செய்வீங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அவன் முட்டிக்கொண்டதில்லை. அம்மா அடுப்படியில் மும்முரமாக இருந்து அவனைக் கவனிக்காத நேரத்திலும் முட்டிக்கொண்டதில்லை. சிலேட்டு வந்தால் மட்டும்தான். முட்டிக்கொண்டால் சிலேட்டு போய்விடும். அவனுக்கு வேண்டியது அம்மாவின் செல்லம் அல்ல. 'போதும்' என்ற ஒரு சொல். ஒரு கையசைவாகவாவது அதை நான் கற்றுக் கொடுத்திருக்கலாம். நான் 'அ' போடச் சொல்லிக் கொண்டிருந்தேன்.

தம்பி போய் முப்பது வருடம் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். அம்மாவின் மேல் கடைசிவரை அந்தப் பழி இருந்தது. அவள்மேல் தப்பில்லை என்பதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால், முதலில் காது வலியா, பல் வலியா என்று டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுங்கள்: முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது. அந்த நோட்டை விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிரம்பைத் தொட வேண்டாம்.