வேடந்தாங்கல் ஏரி

செங்கல்பட்டு மாவட்டம், மதுராந்தகம் வட்டத்தில் உள்ள சிறிய பாசன ஏரி. பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். பறவைகள் சரணாலயம் என்றே பெயர் பரவியிருந்தாலும், அடிப்படையில் இது வயலுக்குத் தண்ணீர் விடும் ஏரி. பறவைகள் இங்கே தழைத்ததற்கும் அதுவே முதற்காரணம். ஐப்பசி மழையில் ஏரி பெருகும்போது, நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா முதலியன கூடு கட்டுகின்றன. சுற்றிலும் தண்ணீர் என்பதால் பூனையும் நரியும் கூட்டை எளிதில் நெருங்குவதில்லை. குஞ்சுகள் பறக்கும்வரை எச்சம் கிளைகளை வெள்ளையடித்தாற்போல் மூடி, நீரில் விழுந்து கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏறிய அந்தத் தண்ணீர்தான் மதகு வழியே ஆயக்கட்டு நெல்வயல்களுக்குப் போகிறது.

இந்த உரநீரின் அருமையை ஊரார் வேதியியல் படித்து அறியவில்லை, விளைச்சலில் கண்டார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட, 1798 வாக்கில் கலெக்டர் லயனல் பிளேஸ் வேட்டையைத் தடுத்துக் கவுல் (அரசு உறுதிப் பத்திரம்) வழங்கினார்; 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. அந்தக் கவுல் இல்லையேல் துப்பாக்கியை யார் தடுத்திருப்பார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, ஊராருக்கு அந்த வலு இல்லை. ஆனால் கேளாமல் வந்த கவுல் அல்ல அது. தவிரவும் பிளேஸ் வரி வசூலிக்க வந்த அதிகாரி. 'ஏரி காத்த ராமர்' கதையில் வரும் மதுராந்தகம் ஏரிக்கரையைச் செப்பனிட்டவரும் அவரே. ஏரி விளைந்தால்தான் கஜானா நிறையும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. இன்னொரு சாரார் ஊராரின் இந்தக் காவலை வெறும் ஜீவகாருண்யம் என்பர். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊரில் இரக்கம் இல்லை என்று சொல்ல முடியாதுதான். ஆயினும் பண்டிகை மகிழ்ச்சியையே விட்டுக்கொடுக்கச் செய்யும் வழக்கம் தலைமுறைகளைத் தாண்டி நிற்க வேண்டுமானால், அதன் பின்னால் வயலின் பலனும் இருந்தாக வேண்டும். ஆகவே வேடந்தாங்கலை அரசு காத்த ஏரி என்பதைவிட, ஆயக்கட்டுக் குடிகள் காத்து அரசு ஒப்புக்கொண்ட ஏரி என்பதே பொருந்தும்.

1936இல் சரணாலயமாயிற்று. 1998இல் சுற்றிலும் 5 கிலோமீட்டர் வரை எல்லை அறிவிக்கப்பட்டது. அதன் வெளிவட்டத்தில் கட்டுப்பாட்டைத் தளர்த்த 2020இல் எழுந்த முன்மொழிவு பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. 2022இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.